பெட்டிக்கு மட்டும் சாயங்காலம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை கோழிப்பண்ணையின் ஆபீஸ் அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நாமக்கல்லில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையின் முதலாளி தங்கராஜ் அண்ணன். இன்னொருவன் என்னோடு வேலை பார்த்த நவீன். பண்ணை முதலாளி துரைசாமி அங்கே இல்லை. கொட்டகைகளைப் பார்த்துக்கொள்ளும் பெருமாள் பண்ணையில் இருந்தார், ஆனால் அந்த அறையில் இல்லை. அவரை அதற்குள் விடுவது கிடையாது. நானும் இல்லை. தம்மம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அறையில் நடந்ததற்கு அங்கே இல்லாத பெருமாளைத்தான் பதில் சொல்லச் சொன்னார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நம் லினக்ஸ் பயனர் குழுவின் ஆண்டு மலருக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்ற முறையில் அனுபவம் எழுதச் சொல்லி இளையவர்கள் கேட்டார்கள். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது உண்மைதான். இப்போது திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடையில் இருக்கிறேன். காசுக்கு இயங்குதளம் விற்கும் நம் எதிர்த்தரப்புக் கம்பெனி மறுபடியும் ஒரு புதிய இயங்குதளத்தின் சோதனைப் பதிப்பை வெளியிட்டிருக்கிறதாம். குழுவில் இப்போது அந்தப் பேச்சுத்தான். "அண்ணா, போன தடவ நீங்கெல்லாம் போட்டுப் பாத்தீங்களாமே, எப்படீங்ணா இருந்துச்சு?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் போட்டுப் பார்க்கவில்லை, தம்பி. போட்டுப் பார்த்தவர்கள் விட்டுவிட்டு வந்ததைப் போய்ப் பார்த்தவன் நான். அதைத்தான் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

என் அப்பா ரிக் வண்டியில் போனவர். வருஷத்தில் பெரும்பகுதி வடக்கே எங்கேயாவது கல்லைத் துளைத்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கேட்டு அலைந்தபோது, தங்கராஜ் அண்ணன் மட்டும்தான் மார்க் ஷீட்டைக் கேட்கவில்லை. ஒரு செத்த கம்ப்யூட்டரை என் முன்னால் தள்ளி, "இதுக்கு உசுரு குடு பாக்கலாம்" என்றார். கொடுத்தேன். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார். பழைய பெட்டிகளைத் துடைத்து, ரேம் மாற்றி, லினக்ஸ் ஏற்றி, பள்ளிக்கூடங்களுக்கும் நெசவாளர் சங்கங்களுக்கும் கொண்டுபோய் வைப்பதில் முதல் சில வருஷங்கள் ஓடிவிட்டன. ஆங்கிலக் கையேடுகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். சொல்லிக்கொள்ள அவ்வளவுதான்.

அண்ணனைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் கத்த மாட்டார். யாரையும் கெட்ட வார்த்தை சொன்னதில்லை. எந்தச் சந்தேகம் கேட்டாலும் முதல் பதில், "படிச்சுப் பாத்தியா?" என்பதுதான். படித்துவிட்டுத்தான் கேட்கிறேன் என்றால், "மறுக்காப் படி" என்பார். அடுத்தவனுக்கு அடிமையாக இருக்கக் கூடாது, நம் பெட்டியில் ஓடுவது என்னவென்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் அவர் பேசும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். நான் அதை மனதார நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் அவர் வாடிக்கையாளர்களிடம் பேசும் முறை வேறு. போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே பேசுவார். எதிர்முனையில் இருப்பவர் என்ன சொல்லிப் புலம்பினாலும் கடைசியில் ஒரே பதில்: "அதுவே பாத்துக்குமுங்க. நீங்க கை வெக்காதீங்க." போனை வைத்ததும் நாங்கள் சிரிப்போம். எங்களிடம் படித்துப் பார் என்பார். அவர்களிடம் தொடாதே என்பார். இந்த இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வருகிறது என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

துரைசாமியின் பண்ணையில் நாங்கள் வைத்திருந்த ஏற்பாட்டைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். முட்டைக்கோழி வளர்க்கும் இரண்டு பெரிய கொட்டகைகள். நம் ஊர்ப்பக்கம் சித்திரை வெயிலில் கூண்டுக்குள் இருக்கும் கோழி தாங்காது. அதனால் கூண்டுகளுக்கு மேலே குழாய் ஓட்டி, மூடுபனி மாதிரி தண்ணீர் தெளிக்க ஃபாகர் வைப்பார்கள். எந்நேரமும் தெளித்தால் கீழே எரு ஈரமாகி ஈ மொய்க்கும். போர்வெல் தண்ணீரும் அவ்வளவு கிடையாது. ஆகவே பகல் பதினொரு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்கு நிறுத்த வேண்டும். அதற்கு அண்ணன் தானே ஒரு சின்ன நிரல் எழுதி, ஆபீஸ் அறையில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓடவிட்டார். அது மணியைப் பார்த்துக் கொட்டகையோரம் இருக்கும் பேனல் பெட்டிக்குச் சொல்லும். பேனல் மோட்டாரைப் போடும், நிறுத்தும். வெயிலின் சூட்டையும் அளந்து பார்த்துப் போடுகிற மாதிரி செய்யலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். "மணி பாத்தாப் போதும். சூரியன் என்ன உன்னையக் கேட்டுட்டா வருது?" என்றார்.

கையால் போடுவதற்கு ஒரு மேனுவல் சுவிட்சும் பேனலுக்குள் உண்டு. ஆனால் அந்தப் பேனலுக்கு அண்ணன் இரும்புக் கதவு போட்டுப் பூட்டி, சாவியை நாமக்கல்லில் எங்கள் கடை ஆணியில் மாட்டிவிட்டார். எங்கள் கடை வேலை எல்லாவற்றுக்கும் இதுதான் வழக்கம். வேலையாட்கள் கை வைத்துக் கெடுத்துவிட்டு நம்மைக் குறை சொல்வார்கள் என்பது அவர் கணக்கு. துரைசாமியும் சரி என்றுவிட்டார். அண்ணனுக்கு அவர் மாமா முறை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நவீன் பின்னால் என்னிடம் சொன்னது இது.

சோதனைப் பதிப்பு வெளிவந்த வாரம். அதற்கு முந்தின கூட்டத்தில்தான் அந்தக் கம்பெனியை அண்ணன் கிழிகிழியென்று கிழித்திருந்தார். அந்த வாரமே அதைத் தரவிறக்கிப் பென் டிரைவில் ஏற்றிவிட்டார். எதிராளி என்ன செய்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். தப்பில்லை. எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் கடையில் எந்தப் பெட்டியிலும் அது ஏறவில்லை. புது சிப் வேண்டும் என்று சொல்லி நின்றுவிட்டது. மற்றவர்கள் குப்பையில் போடும் கம்ப்யூட்டரை ஓட வைப்பதுதான் நம் பெருமை. குழுவில் ஒருவரிடமும் புதுப் பெட்டி கிடையாது. எல்லோரும் வீட்டில் முயன்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தார்கள்.

"புதுப் பெட்டி ஒண்ணு இருக்குது" என்றிருக்கிறார் அண்ணன்.

துரைசாமி அந்த மாதம்தான் பழைய பெட்டி போய்விட்டது என்று பண்ணைக்குப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். அதில் லினக்ஸ் ஏற்றி ஃபாகர் நிரலை வைத்தவன் நானே.

இரண்டு பேரும் பைக்கில் போனார்கள். ஹார்டு டிஸ்கில் காலியாக இருந்த இடத்தில், லினக்ஸுக்குப் பக்கத்திலேயே, சோதனைப் பதிப்பை ஏற்றினார்கள். ஒன்றை அழிக்காமல் பக்கத்தில் இன்னொன்றை வைப்பது நம்மில் எல்லோருக்கும் கை பழகிய வேலை. அதனால் ஒன்றும் ஆகாது என்று நாம் எல்லோரும் சொல்வோம். பண்ணையில் இணையம் இல்லை. நவீன் தன் போனிலிருந்து கொடுத்தான். மெனு எங்கே இருக்கிறது, ஜன்னல் எப்படித் திறக்கிறது, என்ன நிறம் என்று பார்த்தார்கள். படம் பிடித்துக் குழுவில் போட்டார்கள். அதன் கடிகாரம் முதலில் தப்பாகக் காட்டியது. இணையம் வந்ததும் தானே சரியாகிவிட்டது. பிறகு பெட்டியை மறுபடி லினக்ஸில் எழுப்பி, நிரல் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மணியைப் பார்க்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் மின்சாரம் போனாலும் ஓடும் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை வைத்துக்கொண்டு, ஐந்தரை மணி நேரம் கூட்டி நமக்கு இந்திய நேரம் காட்டும். எதிர்த்தரப்பு இயங்குதளம் அந்தக் கடிகாரத்திலேயே இந்திய நேரத்தை எழுதிவிடும். அது எழுதிவிட்டுப் போனதை லினக்ஸ் வந்து படித்தால், அதற்கும் மேலே ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். இணையம் இருந்தால் பிறகு சரிசெய்துகொள்ளும். அந்த இணையம் நவீனின் சட்டைப் பையில் ஏறி நாமக்கல்லுக்குப் போய்விட்டது. இது யாருக்கும் தெரியாத மர்மம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தான். அண்ணன்தான் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை விடியும்போதே ஃபாகர் ஓட ஆரம்பித்துவிட்டது. பெட்டிக்கு அப்போது பகல் பதினொரு மணி. குளிரும் வேளையில் கோழிமேல் தண்ணீர் அடிப்பதைப் பார்த்துப் பெருமாள் தங்கராஜ் அண்ணனுக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க, காலங்காத்தால தண்ணி அடிக்குதுங்களே. நேத்து ஏதாச்சும் மாத்தி வெச்சீங்களா?"

"புதுசா செட்டிங் பண்ணியிருக்குது. அதுவே பாத்துக்கும். கை வெக்காத."

பத்தரைக்கு ஃபாகர் நின்றது. பெட்டிக்கு மாலை நான்கு. வெயில் ஏற ஏறக் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்க ஆரம்பித்தன. பெருமாள் இரண்டு பேருக்கும் போன் செய்தார். துரைசாமி சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார். மேளச் சத்தத்தில் போன் மணி அவருக்குக் கேட்கவில்லை. அண்ணன் எடுத்தார். கடையில் வழக்கம்போல ஸ்பீக்கரில்.

"நின்னு போச்சுங்க. கோழியெல்லாம் இறக்கையை விரிக்குதுங்க. சாவியைக் குடுத்து விடுங்க, நான் கையில போட்டுக்கறேனுங்க."

"காலைல அடிச்சுதல்ல? அப்ப இடைவெளி உட்டு மறுக்கா அடிக்கும். கொஞ்சம் பொறு."

"பொறுக்கற மாதிரி இல்லீங்க."

"பெருமாளு, கோழியப் பாக்கறது உம்பட வேல. பெட்டியப் பாக்கறது எம்பட வேல. போய் வேலயப் பாரு."

போனை வைத்துவிட்டுக் கண்ணடித்தாராம். நவீன் சிரித்தானாம். அவனே சொன்னான்.

அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. பெருமாளும் அவர் மனைவி ராணியும் இருக்கிற வேலையாட்களைக் கூட்டி, குடத்தில் தண்ணீர் மொண்டு கூண்டுகள்மேல் வீசினார்கள். அவ்வளவு நீளக் கொட்டகைக்குக் குடம் எங்கே போதும்? முதல் கொட்டகையில் கோழிகள் வரிசையாகக் கழுத்தைத் தொங்கவிட்டன. அப்போதுதான் பெருமாள் கடப்பாரையை எடுத்துப் பேனல் கதவை நெம்பிப் பிய்த்தார். பூட்டு தெறித்தது, கதவு வளைந்தது. உள்ளே மேனுவல் சுவிட்சைப் போட்டார். முதல் கொட்டகையில் பெரும்பகுதி போய்விட்டது. இரண்டாவது கொட்டகை பிழைத்தது.

சாயங்காலம் துரைசாமி வந்தார். செத்த கோழி மலையாகக் கிடக்கிறது, பேனல் கதவு வளைந்து தொங்குகிறது. அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் சொன்ன பதிலை ராணி பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

"உங்க ஆளு பேனல் பெட்டிய ஒடச்சு ஒயரைப் புடுங்கியிருக்கான் மாமா. அதுலதான் நின்னு போச்சு."

கோழி செத்ததால் உடைத்ததை, உடைத்ததால் கோழி செத்தது என்று ஒரே வரியில் திருப்பிப் போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை நான் தம்மம்பட்டியிலிருந்து வந்து கடைக்குள் நுழைந்ததும், அண்ணன் ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். எந்தக் கதவுக்குச் சாவி என்று கேட்பதற்குள் அவரே சொன்னார். "மணி, மாமா பண்ணைக்குப் போய்ட்டு வந்துரு. பேனலை ஒடச்சுப் போட்டானுங்க. பெட்டி ஓடுதான்னு பாரு. யாருகிட்டயும் பேச்சு வெச்சுக்காத."

போனேன். பண்ணைக்குப் பின்னால் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றத்தை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. கொட்டகையோரம் வேலையாட்கள் வீட்டு முன்னால் துரைசாமி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெருமாள் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு.

"இத்தன கோழிக்கு நீ பதில் சொல்லாம எங்கியும் போக முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார் துரைசாமி. "மத்தியானம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தர்றேன். புருசனும் பொண்டாட்டியும் அங்க வந்து சொல்லுங்க."

"நான் சொல்றத ஒருக்காக் கேளுங்க முதலாளி."

"கடப்பாரை எடுத்தவன் என்னடா சொல்லப் போற?"

ராணி என்னைப் பார்த்தார். "கடைக்காரத் தம்பிதானே? நீங்களாச்சும் சொல்லுங்க சாமி. எங்கூட்டுக்காரரு எத்தன தடவ போன் போட்டாருன்னு கேளுங்க. இந்த ஊட்ட உட்டா எங்களுக்கு வேற ஊடு கெடையாதுங்க. ஸ்டேசனுக்குப் போயிட்டு வந்தவனை எந்தப் பண்ணைலயும் உள்ள சேக்க மாட்டாங்க."

ஆபீஸ் அறைக்குப் போய் திரையைப் பார்த்தேன். அது மதியம் இரண்டரை என்றது. என் போனில் காலை ஒன்பது.

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஐந்தரை மணி வித்தியாசத்தைப் பார்த்தால் நமக்கு வேறு எதுவும் ஞாபகம் வராது. பெட்டியை ஒருமுறை நிறுத்தி எழுப்பினேன். இரண்டு பெயர்கள் வந்தன. நான் வைத்த லினக்ஸ். கீழே, நான் வைக்காத ஒன்று: ஞாயிற்றுக்கிழமை குழுவில் படம் வந்த அதே சோதனைப் பதிப்பு. லினக்ஸைத் தேர்ந்து உள்ளே விட்டுவிட்டு, அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, பெட்டி அஞ்சரை மணி நேரம் முன்னால ஓடுதுங்க."

'படிச்சுப் பாத்தியா' என்று கேட்கவில்லை. அதிலேயே அவருக்கும் புரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

"மணியைச் சரி பண்ணிட்டு வந்துரு" என்றார். "அடில இருக்கறதை அழிச்சுரு."

"பெருமாளை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகப் போறாருங்க."

"அதெல்லாம் மாமா சும்மா மெரட்டறது. நான் பாத்துக்கறேன். நீ கை வெக்காத."

அந்த வார்த்தையை அதுவரைக்கும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

நான் மணியைச் சரிசெய்யவில்லை. வெளியே வந்து துரைசாமியைப் பேனலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டேன். ஏன் எதற்கு என்றார். வாங்க என்றேன். எங்கள் வீட்டில் யாரும் ஒரு பண்ணைக்காரரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"இப்ப மணி ஒம்பது தாண்டியிருக்குதுங்க. வெயில் இன்னும் ஏறல. இப்ப ஃபாகர் ஓடோணுங்களா?"

"பதினோரு மணிக்கு மேலதான் ஓடும்."

மேனுவலில் நிறுத்தி வைத்திருந்ததைப் பெட்டியின் பொறுப்புக்குத் திருப்பிவிட்டேன். உடனே ஃபாகர் சீறிக்கொண்டு தெளிக்க ஆரம்பித்தது. துரைசாமி சட்டையில் தண்ணீர் தெறித்தது.

"பெட்டிக்கு இப்ப மத்தியானம்ங்க. ஞாயித்துக்கிழம இதுல ஒண்ணைப் போட்டுப் பாத்து மணியக் கெடுத்து வெச்சுட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கும் பத்தரைக்கு நிக்கும். யாரும் எதையும் தொட வேண்டாம். நீங்க இங்கயே நின்னு பாருங்க. நேத்தும் இப்படித்தான் நின்னுச்சு, கதவ ஒடைக்கறதுக்கு முன்னாலயே."

"நிக்கலீன்னா?"

"என்னையவும் சேத்து எழுதிக் குடுங்க."

அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். நான் போனில் பேசிய தோரணை அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். பைக்கை நிறுத்திவிட்டு நேராக ஆபீஸ் அறைக்குப் போனார். நான் ஓடிப்போய் கீபோர்டுக்கு முன்னால் நின்றேன். என்னை நகர்த்தப் பார்த்தார்.

"தள்ளு மணி. டைமைச் சரி பண்றேன்."

"பத்தரை ஆகட்டுங்க."

"கோழி சாகோணுமா உனக்கு?"

"நின்ன மறு நிமிசம் நான் மேனுவல்ல போட்டுருவேனுங்க. இப்ப கதவுதான் இல்லியே. பூட்டியிருந்தாத்தானே சாகும்."

அவர் கத்த மாட்டார் என்று முன்னால் எழுதினேன். அப்போதும் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெதுவாகத்தான் பேசினார். "உங்கப்பன் ரிக்குல மண்ணு தின்னுட்டிருந்தான். உன்னையக் கூட்டிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெச்சவன் நான். யாருக்காக இப்ப நிக்கற? அந்தாளு உனக்கு என்ன ஒறவு?"

"போன் பண்ணுனாருங்க. நீங்க எடுத்தீங்க" என்றேன்.

வெளியே துரைசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேனல் முன்னால் நின்றிருந்தார். பெருமாளும் ராணியும் தள்ளி நின்றார்கள். வெயில் கூரைத் தகரத்தில் ஏறியது. பத்தரைக்கு, யாரும் தொடாமல், ஃபாகர் நின்றது. இரைச்சல் அடங்கியதும் கோழிகளின் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஓடிப்போய் மேனுவலைப் போட்டேன். மறுபடி தண்ணீர் சீறியது.

துரைசாமி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "என்ன தங்கராசு இது?"

"டெஸ்டிங்ல ஒரு சின்னக் கோளாறு மாமா."

"சின்னதா?" என்று கேட்டவர், குழி வெட்டும் பக்கம் கையைக் காட்டினார். பிறகு, "உள்ள வா" என்றார்.

இரண்டு பேரும் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் டீ உள்ளே போனது. டீ போனதைப் பார்த்ததும், சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

வெளியே வந்த துரைசாமி பெருமாளைப் பார்க்காமல் சொன்னார். "ஸ்டேசனெல்லாம் வேண்டாம். கோழி போனது எங்க ரெண்டு பேருக்குள்ள. நீ வேலையப் பாரு. ஆனாக் கதவ ஒடச்சது ஒடச்சதுதான். அதை உம்பட சம்பளத்துல புடிச்சுக்குவேன்."

ராணிதான் பேசினார். "ஏனுங்க முதலாளி, அதை ஒடைக்காம இருந்திருந்தா ரெண்டாவது ஷெட்டும் போயிருக்குமுங்களே."

"எனக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு ஒடச்சிருக்கோணும்."

"பண்ணுனமுங்க. நீங்க எடுக்கலீங்க."

"அப்ப நான் எடுக்கற வரைக்கும் பண்ணியிருக்கோணும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் பைக்கை எடுத்தார். பெருமாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிப்பக்கம் போனார். இன்னும் மூடவில்லையே.

கடைக்குத் திரும்பியதும் அண்ணன் புதுப் பேனல் கதவுக்குப் பில் போடச் சொன்னார். எங்கள் கடைப் பெயரில். நான் மாட்டேன் என்றேன். "அப்ப நவீன் போடுவான்" என்றார். நவீன் என் முகத்தைப் பார்க்காமல் போட்டான். நான் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, இந்த வேலையே வேண்டாம் என்று வந்துவிட்டேன். அந்தச் சாவிக்குப் பூட்டு இல்லை என்பது தெரு முனைக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஒன்றை மட்டும் இந்த மலரைப் படிக்கும் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போனேன். சோதனைப் பதிப்பு பற்றி அண்ணன் பேசினார். நவீன் பிடித்த படங்களைச் சுவரில் காட்டினார். சோதனைப் பதிப்பு என்பதே குறை கண்டு சொல்வதற்காகத்தான். அந்தக் கம்பெனிக்குத் தான் எழுதி அனுப்பிய குறையையும் படித்துக் காட்டினார். மெனுவின் ஓரத்தில் நிறம் சரியாக விழவில்லையாம். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து, எந்தப் பெட்டியில் போட்டுப் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள் என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "இங்க டெக்னிக்கல் மட்டும் பேசலாம் தம்பி, சொந்தத் தகராறு வேண்டாம்" என்றார். ஒருவரும் அவரை மறுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் பலர் இன்றைக்கும் இந்தக் குழுவில் மூத்தவர்கள். இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

லினக்ஸ்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த எதிர்த்தரப்பு இயங்குதளத்தின்மேலும் இல்லை; அது சோதனைப் பதிப்பு என்று தன் நெற்றியிலேயே எழுதிக்கொண்டுதான் வந்தது. தம்பிகளே, போட்டுப் பாருங்கள். உங்கள் சொந்தப் பெட்டியில் போடுங்கள். பெட்டி இல்லாவிட்டால் காசு சேர்த்து வாங்கிப் போடுங்கள், அல்லது ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அடுத்தவன் பிழைப்பு ஓடுகிற பெட்டியில் உங்கள் ஆசைக்குக் காலி இடம் கிடையாது, ஹார்டு டிஸ்கில் எத்தனை காலி இருந்தாலும். போன் எடுத்துப் புலம்புகிறவன் சொல்வதை ஸ்பீக்கரில் போட்டுச் சிரிக்காதீர்கள். அவன் கண் முன்னால்தான் ஏதோ செத்துக்கொண்டிருக்கும்.

செத்த கோழிகளின் நஷ்டத்தை மாமாவும் மாப்பிள்ளையும் தங்களுக்குள் எப்படித் தீர்த்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் கையிலிருந்து காசு போனதாக நான் கேள்விப்படவில்லை. பெருமாளும் ராணியும் சம்பளப் பிடித்தம் முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டு, அதன் பிறகு வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய்விட்டார்கள். அங்கே போய் ஒருமுறை பார்த்தேன். என்னவெல்லாம் பிடித்தார்கள் என்று கேட்டேன். ராணி விரல் மடக்கிச் சொன்னார்: இரும்புக் கதவு மூவாயிரத்து இருநூறு, பூட்டு நானூற்று ஐம்பது, எங்கள் கடை ஆள் போய் மாட்டிய கூலி ஆயிரம். மொத்தம் நான்காயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.